மணி கேட்பவர்

"மணி என்னங்க?" என்று கேட்டுவிட்டு, பதில் வருவதற்குள் தரையைப் பார்த்துவிடுகிறார். பேருந்து நிலையத்தில் என் ஜெராக்ஸ் கடைக்கு எதிர் பெஞ்சு அவருடையது. காலை எட்டு மணிக்குள் பத்துப் பேரிடம் மணி கேட்டாக வேண்டும். இத்தனைக்கும் சட்டைப் பையில் ஒழுங்காக ஓடும் கைக்கடிகாரம் கிடக்கிறது!

"பையில வாட்ச்சை வச்சுக்கிட்டு யாருக்கு வேடிக்கை காட்டுறீங்க?" என்று ஒருநாள் பிடித்துக்கொண்டேன். கூனிக் குறுகிப்போனார். "பேசிப் பழகுறேன்க்கா" என்றார்.

தையல் மெஷின் மெக்கானிக். பதினாறு வருடம் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் பழுது அறையில் தனியாகவே உட்கார்ந்திருந்தவர். "மெஷின் நம்மள எதுவும் கேக்காதுக்கா" என்பார். தொழிற்சாலையை மூடினார்கள், வாடகை அறையும் போயிற்று, நான்கு மாதமாக இந்த பெஞ்சுதான் வீடு. கையில் தொழில் இருக்கிறது, வாய்தான் திறக்காது. இரண்டு இடங்களில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டும், "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதுமே எழுந்து வந்துவிட்டார். எங்கே தங்கியிருக்கிறீர்கள் என்று கேட்டுவிடுவார்களோ என்று வாசலிலேயே வியர்க்குமாம். கேட்ட எனக்கு எரிச்சலும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

மூன்றாவது அழைப்பு வந்ததும் எனக்கே கை கால் ஓடவில்லை. அவருடைய ஒரே நல்ல சட்டையை மடித்து, நாலு கட்டு வெள்ளைத்தாளுக்கு அடியில் வைத்தோம். இஸ்திரி தோற்றது போங்கள்! கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் நேர்முக ஒத்திகை; கேள்வி கேட்கும் முதலாளியம்மா நான்தான். அவரோ ஜெராக்ஸ் மெஷினைப் பார்த்துப் பதில் சொல்வார்.

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. நான் என்ன கடிச்சா தின்னப்போறேன்?"

"மெஷின்ல பெல்ட் உரசுற சத்தம் கேக்குதுக்கா. அதான்" என்பார். உரசத்தான் செய்தது.

வியாழக்கிழமை காலை நேர்முகத்துக்குப் போனார். அவர் நினைப்பிலேயே யாருடைய பத்திரத்தையோ கோணலாக வைத்து ஆறு பிரதி எடுத்துத் திட்டு வாங்கினேன். பன்னிரண்டு மணிக்கு, பேருந்துகளுக்கு நடுவே புகுந்து ஓட்டமாக வந்தார்.

"சொதப்பிட்டேன்க்கா!" முகமெல்லாம் பல்.

"என்னாச்சு? மூச்சு விட்டுச் சொல்லுங்க."

"அந்த மேடம், உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னாங்க. நான் பழக்கதோஷத்துல மணி என்னங்கன்னு கேட்டுட்டேன்!"

"அட கடவுளே!" தலையில் கை வைத்துக்கொண்டேன்.

"அவங்க சுவரைப் பாத்து, பத்தே காலுன்னாங்க. அவ்ளோதான், பயம் போயிருச்சு! மணி கேக்குறதுதான் தினமும் பழகுனதாச்சே, வாய் தானா திறந்துக்குச்சு. பதினாறு வருஷக் கதையையும் கொட்டிட்டேன். ஒரு மெஷினை ஓட்டிக் காமிச்சாங்க, சத்தத்தை வச்சே என்ன பழுதுன்னு சொன்னேன்."

"வீடு எங்கன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பஸ் ஸ்டாண்ட்ல தங்கியிருக்கேன், முதல் பஸ் ஹாரன்லயே முழிச்சுருவேன், ஒருநாளும் லேட்டாகாதுன்னு மூஞ்சியப் பாத்தே சொல்லிட்டேன்க்கா. சிரிச்சுட்டாங்க. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வேலைக்கு வரச் சொல்லிட்டாங்க!"

நான் கத்திய கத்தலில் டிக்கெட் கவுண்டர்க்காரர் எட்டிப் பார்த்தார். சம்பளம் வரும்வரை பெஞ்சுதான் என்பது இருவருக்கும் தெரியும். அன்று அதைப் பேச யாருக்குத் தோன்றியது!

பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். வாரின் கடைசி ஓட்டையில் மாட்டியும் வளையல் மாதிரி தொங்கியது. நான்கு மாதத்தில் கை அவ்வளவு இளைத்திருந்தது.  பிறகு என் மேஜையில் தாளுக்கு ஓட்டை போடும் கருவியை இழுத்து, அதில் வாரைக் கொடுத்து, ஓங்கி ஓர் அமுக்கு அமுக்கினார். புது ஓட்டையில் கடிகாரம் கச்சிதமாக உட்கார்ந்தது.

மணிக்கட்டை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, என் கண்ணையே பார்த்தார்.

"இப்ப நீங்க கேளுங்கக்கா."