417 உள்ளே வரக்கூடாது

இன்று காலை ரயிலில், அண்ணனூரில் ஏறிய முனுசாமி அண்ணன் என் எதிரில் உட்கார்ந்தார். அம்பத்தூரில் எங்கள் தொழிற்சாலையில் லேத் ஓட்டியவர். மூன்று வருடத்துக்கு முன் ஆட்குறைப்பில் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

“இன்னாம்மா, கம்பெனி கேட் கம்ப்யூட்டர்ல புரோகிராம் மாத்துறீங்களாமே? அதுல என் நம்பர் கீதா?”

“இருக்குண்ணே.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி, “நம்ம நம்பரை இன்னும் எடுக்கலப்பா. எப்படியும் கூப்டுவாங்க” என்றார்.

நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

புரோகிராமை மாற்றும்போதெல்லாம் பழைய சோதனைகளையே திரும்ப ஓட்டிப் பார்ப்பது என் வேலை. அதில் ஒன்பதாவது சோதனை: வேலையில் இல்லாதவர் அட்டையைத் தேய்த்தால் கேட் திறக்கக்கூடாது. அதற்கு முதலிலிருந்தே நாங்கள் வைத்திருப்பது முனுசாமி அண்ணனின் அட்டை எண், 417.

பத்தரை மணிக்கு அந்தச் சோதனையை ஓட்டினேன். கேட் திறக்கவில்லை. ‘சரி’ என்று குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

வேறு எண்ணை மாற்றி வைக்கலாம்தான். வெளியே அனுப்பப்பட்டவர்களின் பட்டியல் என் மேஜையிலேயே இருக்கிறது. யாருடையதை வைக்கட்டும், நீங்களே சொல்லுங்கள்.