எருமப்பட்டியில் பைக்குக் காசு

சனிக்கிழமை, காலை ஆறு மணி. சேலம் ஜங்ஷனில் ரயிலை விட்டு இறங்கியபோது என்னிடம் ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. திரும்பும்போது அது இரண்டு சுமையாகும் என்பது தெரிந்ததுதான். சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கும் தோழியைப் பார்க்கப் போகிறவள் வெறுங்கையோடு திரும்புவதாவது! தோழி நூர்ஜஹான் சேலத்துக்காரி, கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. குடும்பத் தொழில் மளிகை. போன வருடம் எருமப்பட்டியில் தன் பெயருக்கென்று ஒரு கடை திறந்தாள். "வந்து பாருடி சாந்தி, உங்க மெட்ராஸ்லகூட இப்படி ஒரு கடை கிடையாது" என்று போனில் அளந்துகொண்டே இருந்தாள். எவ்வளவு உண்மை என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பிவிட்டேன்.

சேலம் புதிய பஸ் நிலையத்திலிருந்து நாமக்கல்லுக்கு ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல். ராசிபுரம் தாண்டியதும் முட்டை லாரிகள் தென்பட ஆரம்பித்தன. நாமக்கல்லில் மலைக்கோட்டை தெரியும் ஓட்டலில் இரண்டு இட்லியும் ஒரு வடையும் ஐம்பது ரூபாய். சட்னிக்கு இன்னும் பத்து ரூபாய் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். அங்கிருந்து டவுன் பஸ். பெண்களுக்குக் கட்டணமில்லை. கண்டக்டர் காசு வாங்காமல் சீட்டைக் கிழித்து நீட்டியபோது ஏதோ எனக்கே தனியாகச் சலுகை கிடைத்தது போல நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டேன். எருமப்பட்டி சுமார் பதினைந்து கிலோமீட்டர். இடது பக்கம் கொல்லிமலை கூடவே வந்தது.

காலை பத்து மணி. நூர்ஜஹான் அளந்தது பாதிக்குப் பாதி உண்மை. குளிர்சாதனம் உண்டு, தள்ளுவண்டி உண்டு, பில் போட இரண்டு மேசைகள் உண்டு. இரண்டாவது மேசையில் நீலக் கோட்டு போட்ட கோகிலா என்ற பெண் இருந்தாள். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் தலைக்கு மேல் ஓர் அட்டை தொங்கியது: கவர் ஐந்து ரூபாய், துணிப்பை பதினைந்து ரூபாய். கவரில் மக்கும் தன்மை உடையது என்று அச்சடித்திருந்தது. ஆனால் தொட்டால் பிளாஸ்டிக் கவர்தான்.

வரிசையில் முதலில் நின்ற அம்மாளுக்கு அந்த அட்டை அப்போதுதான் கண்ணில் பட்டது.

"ஏனம்மணி, ஆயிர ரூவாய்க்குச் சாமான் வாங்கிருக்கறேன். கவருக்குக் காசா?"

"ஆமாங்கக்கா. போன திங்கக்கெழமையிலிருந்துங்க."

"டவுன் பஸ்ஸே சும்மா உடுறாங்க. நீங்க பைக்குக் காசு கேக்கறீங்களா!"

வரிசை முழுவதும் சிரித்தது. சற்றுமுன் இலவசமாக வந்து இறங்கிய நானும் சிரித்தேன். அடுத்து நின்ற பெரியவர் கவரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "உங்க கடைப் பேரைப் போட்டிருக்கறீங்க. அத ஊரெல்லாம் நான் தூக்கிட்டுப் போகோணும், காசும் நானே குடுக்கோணுமா? எனக்கில்ல நீங்க குடுக்கோணும்!" அவர் தோள் துண்டை விரித்து, துவரம் பருப்பையும் சோப்பையும் மூட்டை கட்டிக்கொண்டு போனார். அவருக்குப் பின்னால் ஒரு பெண். "அப்ப நீங்களே வெச்சுக்கங்க" என்று தள்ளுவண்டியோடு சாமான் அத்தனையையும் விட்டுவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். நூர்ஜஹான் முகம் சுருங்கிவிட்டது.

ஐந்து ரூபாய் இவர்களுக்குப் பெரிய காசில்லை. வெளியே கார்கள் நிற்கின்றன. மரியாதை குறைந்ததில்தான் நோவு. இந்தப் பக்கத்தில் விருந்தாளியைக்கூட வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். தோட்டத்துக் கத்தரிக்காயாவது ஒரு பையில் போட்டுக் கொடுப்பார்கள். கல்யாணத்துக்குப் போனால் தேங்காய், வெற்றிலை பாக்கோடு, பெண் மாப்பிள்ளை பெயர் அச்சடித்த தாம்பூலப் பை வாசலிலேயே கைக்கு வந்துவிடும். பையை விலைக்கு விற்பது சாப்பிட வந்தவனிடம் இலைக்குக் காசு கேட்பது போல.

பகல் இரண்டு மணி. கடைக்கு மேலேயே வீடு. சாப்பாட்டுக்கு நடுவே சண்டைக்குப் போனேன். "சும்மா கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே?"

"ஒரு தீப்பெட்டிக்கு ஒரு கவர் கேக்குறாங்கடி. பின்னாடி வெங்காயக் காட்டுல போய்ப் பாரு, பயிரைவிட என் கடைக் கவர்தான் அதிகம். காட்டுக்காரர் தினம் வந்து திட்டுறார். அட்டை மாட்டிட்டேன், இனிமே இறக்க மாட்டேன்" என்றாள் நூர்ஜஹான். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஆனா வியாபாரம் இறங்குது. இப்படியே போனா மாசக் கடைசியில ரெண்டாவது மேசையை மூடணும். கோகிலாவை நிறுத்தணும்."

அப்போதுதான் கோகிலாவின் கதையைக் கேட்டேன். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபம் பேசி, பத்திரிகை அடித்து, எல்லாம் தயார். கடைசி நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். இவள் முடியாது என்றாள். கல்யாணம் நின்றுபோனது. "அத்தனையும் விட்டுட்டு இந்த வேலையைப் பிடிச்சுக்கிட்டா. அதுக்கே நான் உலை வைக்கிறேன் பாரு" என்றாள் நூர்ஜஹான்.

வாசலில் கோகிலா சாவிக்கொத்தோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ! அழுவாள் என்று பயந்தேன்.

"மேசைய மூட வேண்டாங்கக்கா" என்றாள். "நாளைக்கு ஒண்ணு கொண்டு வாரேன்."

ஞாயிறு, காலை ஒன்பது மணி. ஸ்கூட்டரின் கால் வைக்கும் இடத்தில் ஒரு சாக்கு மூட்டையோடு கோகிலா வந்து இறங்கினாள். அவிழ்த்தால் உள்ளே மஞ்சள் தாம்பூலப் பைகள். சிவப்பு எழுத்தில் அவள் பெயர், பக்கத்தில் மாப்பிள்ளை பெயர், கீழே மண்டபம். மாப்பிள்ளை பெயரை நான் இங்கே எழுதவில்லை. பாவம், அது இப்போது எருமப்பட்டி வீதிகளில் வெங்காயம் சுமந்துகொண்டிருக்கிறது.

"பரண்ல கெடந்துதுங்க. இன்னும் ரெண்டு மூட்டை இருக்குது. எங்கம்மா பாக்கறப்பெல்லாம் அழுவுது. பை என்னங்க பண்ணுச்சு?"

"உன் பேர் ஊர் முழுக்கப் போகும் கண்ணு" என்றாள் நூர்ஜஹான்.

"போகட்டுமுங்க. நான் என்ன திருடிட்டா வந்தேன்? இத ஒருக்கா சும்மா குடுப்போம். மறுக்கா வாரப்ப இதையே கொண்டாரோணும். மறந்துட்டு வந்தா கவர் அஞ்சு ரூவாதான்."

முதல் ஆளாக வந்து நின்றவர் நேற்றைய டவுன் பஸ் அம்மாள். பையில் இருந்த பெயர்களைப் படித்ததும், நீட்டிய கையைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அய்யோ, நின்னுபோன கண்ணாலத்துப் பைய ஊட்டுக்குள்ள எப்புடியம்மணி கொண்டு போறது?"

வரிசையில் இருந்தவர்கள் பெயரைப் படிக்க எட்டிப் பார்த்தார்கள். கோகிலா பில் மெஷினிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"அப்பக் கவர் குடுக்கட்டுங்களா? அஞ்சு ரூவாங்க."

அம்மாள் பையைப் பார்த்தார், கவரைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். பிறகு பையை எடுத்து இரண்டு பக்கமும் இழுத்துச் சோதித்தார். "துணி நல்ல கெட்டித் துணியாத்தான் இருக்குது" என்றவர் குரல் மாறியது. "நீ பண்ணுனதும் செரிதான் சாமி. எம்மகளும் உன்னையாட்டப் பேசியிருந்தா இன்னிக்கு வேலைய உட்டுட்டு ஊட்டோட உக்காந்திருக்க மாட்டா. கொண்டா இங்க." சாமான்களைத் தானே பையில் அடுக்கிக்கொண்டார்.

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது: "எங்கூட்டுல பீரோ நெறையத் தாம்பூலப் பை கெடக்குதுங்க, கொண்டாரட்டுங்களா?" பத்து நிமிடத்தில் அந்தக் கடை சந்தைக்கடை ஆகிவிட்டது. யார் வீட்டில் எத்தனை பை, எந்தக் கல்யாணத்துப் பை கிழியாது என்பதுதான் பேச்சு. மத்தியானத்துக்குள் நேற்று சாமானை விட்டுப் போனவளும் திரும்பி வந்து, அதே சாமான்களைத் தேடி எடுத்துக்கொண்டாள். நூர்ஜஹான் இரண்டாவது மேசையைத் தட்டி, "இது இங்கேதான் இருக்கும்" என்றாள். கோகிலா அப்போதுதான் சிரித்தாள். நான் பெற்ற பெண் செய்தது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலை நான்கு மணி. எனக்கும் ஒரு பை கிடைத்தது, உள்ளே இரண்டு கிலோ சின்ன வெங்காயத்தோடு. சென்னையில் "பை வேணுமா மேடம்?" என்று கேட்பார்கள், நான் தலையாட்டுவேன், பில்லில் அதற்கும் ஒரு வரி ஏறும். இத்தனை வருடத்தில் ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் அப்படி வாங்கிய பைகள் குவிந்து கிடக்கின்றன. எருமப்பட்டிக்காரர்கள் ஐந்து ரூபாய்க்குச் சண்டை போட்டார்கள், நியாயம் பேசினார்கள், ஒரே நாளில் ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள். எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

நாமக்கல்லில் சேலம் பஸ் ஏறினேன். பக்கத்து இருக்கை அம்மாள் என் மடியில் இருந்த பையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கண்ணாலத்துக்குப் போயிட்டு வாரீங்களா? மாப்பளை என்ன பண்றாருங்க?"

"அது தெரியாதுங்க. பொண்ணு வேலைக்குப் போகுது."

"கண்ணாலத்துக்குப் பொறகும் போகுதா? உட்டாங்களா? நல்ல மாப்பளைதான்."

"வேலைக்குப் போகக் கூடாதுன்னுதான் மாப்பிள்ளை வீட்டுல சொன்னாங்க. அப்படின்னா கல்யாணமே வேண்டாம்னு பொண்ணு சொல்லிடுச்சு. இது அந்தப் பை. இப்ப அந்தப் பொண்ணு வேலை செய்யற கடையில இதுலதான் சாமான் போட்டுத் தர்றாங்க."

அம்மாள் பையின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து, தையலை அழுத்திப் பார்த்தார்.

"கெட்டியாத்தான் இருக்குது" என்றார். "எந்தக் கடைங்க? இன்னும் இருக்குமுங்களா?"