நித்திரைக் கொப்பியின் மூன்றாவது நிரல்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் பொலிஸும் ஆமியும் தேடுதலுக்கு வந்து, எங்கள் ஒழுங்கை முழுவதும் அடையாள அட்டையோடு வாசலில் நின்ற ஒரு விடியற்காலையில், நான் வாயைத் திறந்தபடி நித்திரை கொண்டிருந்தேன். அதைத் துணிச்சல் என்று சில காலம் வெளியில் சொல்லித் திரிந்திருக்கிறேன். உண்மையில் அது ஒன்றுக்கு இரண்டாகப் போட்ட நித்திரைக் குளிசை. கட்டிலை உலுக்கிப் பார்த்து, கடைசியில் முகத்தில் தண்ணீர் ஊற்றி எழுப்பினார்களாம். அடையாள அட்டை என்று நான் நீட்டியது பார்மசிச் சிட்டை. வந்தவர்கள் அதை இருபுறமும் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த ஆள் ஏன் ஒளிந்து படுத்திருக்கிறார் என்று வீட்டுக்கார அன்ரியிடம் கேட்டார்கள்.

அன்ரி யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்றவர். வீட்டில் தங்குவோர் விபரத்தைப் பொலிஸில் பதியும் படிவத்தில் எனக்குப் பொறுப்பாகக் கையெழுத்து வைத்தவரும் அவரே. அன்று அவர்கள் போனபின் தேத்தண்ணி தரவில்லை.

"தம்பி, உமக்காக நான் கையெழுத்து வைச்சனான். நீர் செத்த ஆள் மாதிரிக் கிடந்தால் நான் என்னெண்டு பொறுப்பு நிக்கிறது? வருசப் பிறப்புக்கிடையில குளிசையை விடும். இல்லாட்டி அறையை விடும்."

அந்தக் காலத்தில் தனி ஆம்பிளைக்கு வெள்ளவத்தையில் அறை கிடைப்பது பெண் கிடைப்பதைவிடக் கடினம். இரண்டுக்கும் அலைந்தவன் என்பதால் சொல்கிறேன். அன்றைக்கே குளிசைகள் முழுவதையும் கழிவறையில் கொட்டித் தண்ணீர் அடித்தேன். மூன்று இரவும் கண் மூடவில்லை; சட்டைப் பொத்தானை மாறிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். நாலாம் நாள் பார்மசி திறக்குமுன்பே அதன் படியில் நின்றேன். டாக்டர் ஏசினார். இப்படி வெட்டென நிறுத்தக் கூடாது, கால் காலாகத்தான் குறைக்க வேண்டும், குறைக்கும் காலத்தில் யாருடனாவது இருந்து கதைக்கவும் வேண்டும் என்று சொல்லி, கொட்டாஞ்சேனையில் ஒரு முகவரி எழுதித் தந்தார்.

அங்கே தேவாலயத்துக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை. கடகடக்கும் மின்விசிறி, பிளாஸ்டிக் கதிரை இரண்டு, சீனி கூடின தேத்தண்ணி. அங்கே உளவளத்துணை, அதாவது கவுன்சலிங், செய்த கன்னியாஸ்திரி சிஸ்டர் என்னைவிட நாலைந்து வயது இளையவர். அது எனக்குப் பிடிக்கவில்லை. வாசிக்கிற பழக்கத்தால் என் மனதைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்றைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அரை மணி நேரம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒரு பள்ளிக்கூடக் கொப்பியை எடுத்து மூன்று நிரல் கீறித் தந்தார். நித்திரை வராத நேரம், அப்போது கேட்ட சத்தம், அப்போது மனதில் வந்தது. கிழமைக்கு ஒருதரம் கொண்டுவர வேண்டும்.

நான் அப்போது நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் மொழிபெயர்ப்பாளன். ஒரு துண்டுக் கடதாசி ஒருவனை எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாள் முழுவதும் இரு மொழிகளில் தட்டச்சுச் செய்து கொடுப்பவன். அந்தத் தொழில் புத்தியோடு முதல் இரண்டு நிரல்களையும் நிரப்பினேன். 11.10, ட்ரக் இரண்டு, கடல் பக்கமாக. 12.00, காவலரணில் ஆள் மாற்றம். 2.25, ஜீப், ஒழுங்கை முகப்பில் நின்று போனது. மூன்றாவது நிரலை வெறுமையாக விட்டேன். என்னைவிட இளைய பெண்ணுக்கு வாசிக்கக் கொடுக்கும் கொப்பியில் மனதில் வந்ததை எழுதுவது மானக்கேடாக இருந்தது.

மூன்றாம் கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போகும் வழியில், காலி வீதிக் காவலரணில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் சாப்பாட்டுப் பார்சலும் கொப்பியும் இருந்தன. பார்சலைத் திருப்பித் தந்துவிட்டார்கள்.

கொப்பியோடு என்னைக் கொண்டுபோன பொலிஸ் நிலையத்தில் தமிழ் வாசிக்கத் தெரிந்த சார்ஜன்ட் ஒருவர் கொப்பியை முதல் பக்கத்திலிருந்து நிதானமாகப் படித்தார். என் எழுத்தை இவ்வளவு கவனமாகப் படித்த வாசகர் அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவில்லை. இது ஆமி வண்டிகளை உளவு பார்த்த கணக்கல்ல, நித்திரைக்கு வைத்தியம் என்று சொன்னேன். அவர் வெறும் நிரலின் மேல் விரலை வைத்தார்.

"இதில என்ன எழுதிறது?"

"மனசில வாறது."

"ஏன் எழுதல்ல?"

எனக்கு நல்ல தமிழும் நல்ல ஆங்கிலமும் தெரியும். அந்த நேரம் வாயில் வந்தது எனக்கு அரைகுறையாகத் தெரிந்த சிங்களம். "மட்ட பயயி, மாத்தயா" என்றேன். பயமாக இருக்கிறது ஐயா. ஜீப் நிற்கும் போதெல்லாம் என் கதவைத் தட்டத்தான் வருகிறார்கள் என்று நினைக்கிறேன், தட்டினால் கேட்கக் கூடாது என்பதற்காகவே குளிசை போடுகிறேன் என்று மூன்று மொழிகளையும் கலந்து சொன்னேன். சிஸ்டருக்கு மூன்று கிழமையாகச் சொல்லாததை, யாருக்குப் பயந்தேனோ அவர்களிடமே சொல்லிக்கொண்டிருந்தேன்.

சார்ஜன்ட் கொட்டாஞ்சேனைக்குத் தொலைபேசி எடுத்தார். வீட்டுப் பதிவுப் படிவத்தைக் கொண்டுவரும்படி அன்ரிக்கும் ஆள் அனுப்பினார். என்னைச் சுவரோர மரவாங்கில் இருக்கச் சொன்னார். அன்ரி வந்து என்னை உலுக்கியபோதுதான் தெரிந்தது, நடுப்பகலில், அத்தனை சப்பாத்துச் சத்தத்துக்கு நடுவில், குளிசை இல்லாமல் நான் நித்திரையாகிவிட்டேன் என்று. பயந்தவர்களிடமே வந்தாயிற்று; இனிக் கதவைத் தட்ட யாரும் மிச்சமிருக்கவில்லை.

படிவத்தைப் பார்த்தபின் என்னையும் கொப்பியையும் அன்ரியிடம் திருப்பித் தந்துவிட்டார்கள். அடுத்த கிழமை சிஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, பொலிஸில் சொன்னதை அதில் எழுதச் சொன்னார், அவ்வளவுதான். எழுதினேன். பிறகு ஒவ்வொரு கிழமையும் எழுதினேன். எழுதியதை அவர் வாய்விட்டு வாசிக்கச் சொல்வார். ஜீப் நின்றது, வந்தது எனக்காகவா? நின்றதைத் தவிர வேறென்ன தெரியும்? இப்படிக் கேள்வி மேல் கேள்வியாக. டாக்டர் ஒரு குளிசையை முக்காலாக்கினார், பிறகு அரை, கால். இடையில் இரண்டு தரம் கூடியும் போனது. அன்ரி சொன்ன வருசப் பிறப்பு தாண்டிவிட்டது. ஆனால் குளிசைத் தகட்டைப் பார்த்து எண்ணியிருப்பார் போலும், அறையைப் பற்றி ஒன்றும் கதைக்கவில்லை.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது எட்டு மாடி எழும்பி நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் இன்றைக்கும் அண்ணாந்து பார்க்காமல், அறை இருந்த உயரத்தில்தான் என் கண் போய் நிற்கும். ஜன்னலுக்கு வெளியே கோட்டை ஸ்டேசனுக்குப் போகும் கடைசி ரயில், அதற்குப் பின் கடல், சுவருக்கு அப்பால் அன்ரியின் இருமல். கொப்பி முடியும் காலத்தில் இரண்டாவது நிரலில் இவைதான் இருந்தன. ட்ரக்குகள் ஓடாமல் விடவில்லை. நான் இவற்றையும் கேட்கத் தொடங்கியிருந்தேன்.

கடைசிக் கால் துண்டும் போய் ஒரு மாதமான அன்று, அன்ரியிடம் கொப்பியைக் காட்டினேன். பயத்தை வாய்விட்டுச் சொன்னதும் நித்திரை வந்த அதிசயத்தைச் சற்று விரிவாகவே விளக்கினேன். ஆசிரியர் அல்லவா, கொப்பியைக் கடைசிப் பக்கம் வரை புரட்டினார். பிறகு தேத்தண்ணியை என் முன் வைத்தார்.

"இதுக்கோ தம்பி கிழமைக்குக் கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போய் வந்தனீர்? பொலிஸ் பக்கத்திலதானே கிடந்தது."