அண்ணன் முகத்தில் வேறொருவர் கண்

எண்ணெய் வண்ணத்தில் முகம் வரையக் கற்பது என்றால், கடைசிப் பூச்சு காயும்வரை பயந்துகொண்டே இருப்பது. தூரிகை பிடித்து மாட்டிக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இறந்துபோன அண்ணனின் முதலாண்டு நினைவு ஜெபத்துக்கு அவர் படத்தை என்னையே வரையச் சொல்லிவிட்டார் அண்ணி. நாவலூரில் கம்ப்யூட்டர் தட்டுகிறவன் நான்; ஓவியம் இப்போதுதான் கற்கிறேன். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. கை பழகட்டும் என்று, பழைய டச்சு ஓவியர் ஒருவர் வரைந்த கிழவரின் முகத்தைப் பார்த்து நகல் எடுக்கத் தொடங்கினேன்.

தோல் நிறம்

மூல ஓவியத்தை மொபைலில்தான் பார்த்தேன். கண் வலிக்கக் கூடாதென்று திரையில் நானே மஞ்சள் வெளிச்சம் போட்டு வைத்திருந்தது நினைவில்லை. உயிரைக் கொடுத்து அந்த மஞ்சளையும் அப்படியே கலந்து பூசிவிட்டேன். தாம்பரம் மார்க்கெட்டில் ஃப்ரேம் கடை வைத்திருக்கும் ரஃபீக் பாய் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஃப்ரேம் அப்பால போட்டுக்கலாம் சார். மொதல்ல இவர ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போங்க."

காயாத மூக்கு

அடுத்த நகல் தேறியது. ஆனால் மழைக்காலம், வண்ணம் காய்வேனா என்றது. காய்ந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்ததில், கிழவரின் மூக்கு நுனி என் விரலோடு வந்துவிட்டது. அண்ணன் படமும் இப்படியானால் அண்ணி முகத்தில் எப்படி விழிப்பேன்? படுக்கையறை டேபிள் ஃபேனைக் கிழவர் பக்கம் திருப்பி வைத்தேன். மனைவி ஜெசி தலையணையோடு ஹாலுக்குப் போனாள்.

"ஃபேன் அவருக்கு, புழுக்கம் நமக்கு. உங்க அண்ணன் வரும்போது ஏசி கேப்பாரா?"

கண்

ஒரு பாஸ்போர்ட் போட்டோவை வைத்துக்கொண்டு அண்ணனை வரைந்து முடித்தேன். ஈரம் ஒட்டாமல் மின்சார ரயிலில் நின்றபடியே சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் அண்ணி வீட்டுக்குக் கொண்டுபோனேன். அண்ணி படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவரோடு சேர்ந்து பார்த்தபோதுதான் எனக்கும் தெரிந்தது: மாதக்கணக்கில் ஒரே கண்ணை வரைந்து பழகிய கை, அந்த டச்சுக் கிழவரின் கண்ணை அண்ணனுக்கு வைத்துவிட்டிருந்தது. திருத்தித் தருகிறேன் என்று படத்தை வாங்கப் போனேன். அண்ணி விடவில்லை.

"கண்ணு அவரோடது இல்ல தம்பி. அவரு ஒரு நாளும் என்னை இவ்ளோ பொறுமையா பாத்ததில்ல. மாத்திடாதீங்க, இருக்கட்டும்."

தப்பாக வரைந்துவிடுவோமோ என்றுதான் இதுவரை பயந்தேன். இனி சரியாக வரைந்துவிடுவோமோ என்றும் பயப்பட வேண்டும்.