திருட்டே இல்லாத சந்து

கல்மண்டபத்துக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த சந்தில் யாரும் கதவைப் பூட்டியதில்லை. கடைக்கோ குழாயடிக்கோ போனால் வாசலில் குறுக்கே ஒரு விளக்குமாற்றைச் சாத்திவிட்டுப் போவார்கள். சொந்தக்காரர்கள் வந்தால், “எங்க சந்துல திருட்டே கெடியாது” என்று பெருமையடிப்பார்கள். நானும் அடித்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி ஒருவர் இருந்தார். துறைமுகத்தில் கப்பல் மூட்டை இறக்குகிறவர். சந்தே அவரை அண்ணன் என்று கூப்பிடும். மூட்டையைக் கொக்கி போட்டு இழுக்கும்போது சில சமயம் கிழியும்; கிழிய வேண்டும் என்றே கொக்கி விழுவதும் உண்டு. சிந்தியது சர்க்கரையானாலும் பால்பவுடரானாலும் அண்ணன் மடியில் கட்டிக்கொண்டு வருவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வீடு வீடாகப் பங்கு போகும். யாரும் அதைத் திருட்டு என்று சொன்னதில்லை. “மூட்ட ஒடஞ்சிச்சி” என்பார்கள், அவ்வளவுதான். கைநீட்டி வாங்கியவர்களில் நானும் ஒருவன்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒரு துணிக்கட்டே உடைந்தது. பச்சையில் மஞ்சள் பூப்போட்ட சீமைத் துணி. எல்லா வீட்டுக்கும் அண்ணன் துண்டு போட்டுக் கொடுத்தார். தைத்தது என் மனைவி. அவளிடம் கையால் சுற்றுகிற தையல் மெஷின் ஒன்று இருந்தது; தன் கம்மலை விற்று வாங்கியது. நான் ஐஸ் ஃபேக்டரியில் மீன் படகுகளுக்குப் பாளம் உடைக்கிறவன். காற்று மழைக் காலத்தில் படகுகள் கடலுக்குப் போகாது, படகு போகாவிட்டால் எனக்கு வேலை கிடையாது. அந்த நாட்களில் எங்கள் அடுப்பு எரிந்தது அந்த மெஷினால்தான்.

கிறிஸ்துமஸ் பூசையில் எங்கள் சந்து முழுக்க ஒரே துணியில் உட்கார்ந்திருந்தது. பெண் பிள்ளைகளுக்குக் கவுன், பெண்களுக்கு ரவிக்கை, ஆண்களுக்குச் சட்டை. மூன்று முறை துவைத்தும் அந்தத் துணியில் கப்பல் எண்ணெய் வாடை போகவில்லை. பூசை முடிந்து வெளியே வந்ததும் பக்கத்துத் தெருக்காரர் ஒருவர், “இன்னா மாமே, பேண்டு வாத்தியக் கோஷ்டியா?” என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். வெட்கப்பட்ட ஒரு ஆள்கூட இல்லை.

அதற்கு அடுத்த வாரம், பட்டப்பகலில், என் மனைவி இரண்டு குடம் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்புவதற்குள் மெஷின் போய்விட்டது. விளக்குமாறு சாத்தியபடியே இருந்தது. எடுத்தவன் அதைத் திரும்பவும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தான். எங்கள் சந்தின் வழக்கம் தெரிந்த ஆள்.

“டேசன்ல போயி எய்திக் குடுத்துட்டு வா” என்றாள். நான் கிளம்பினேன். சந்து முனையில் அண்ணனும் இன்னும் இரண்டு பேரும் நின்றிருந்தார்கள்.

“எங்க நைனா போற?”

“டேசனுக்குண்ணா. மெஷினு...”

“கேள்விப்பட்டேன். போலீசு வந்தா மொதல்ல இன்னாத்தப் பாப்பான்? உன் சொக்காவப் பாப்பான். அப்பால என் சொக்கா. அப்பால கொடில தொங்குற கவுனுங்க.”

குனிந்து பார்த்தேன். பச்சையில் மஞ்சள் பூ.

“ஒரு மெஷினுக்காவ ஒட்டுமொத்த சந்தையும் உள்ள தள்ளப் போறியா?” என்றார் கூட நின்றவர்களில் ஒருவர். அவர் பெண்ணுக்குக் கூலி வாங்காமல் கவுன் தைத்துக் கொடுத்தவள் என் மனைவி.

எனக்கு எப்போதுமே நாலு பேர் நடுவில் பேச்சு வராது. ஐந்தாம் வகுப்பில் வாத்தியார் எழுப்பி நிறுத்தினாலே தெரிந்த பதிலும் மறந்துபோகும். திரும்பி வந்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. “சொக்காவக் கயட்டிப் போட்டுட்டு பயசப் போட்டுக்கினு பின்னால வழியாப் போ” என்றாள். அவளும் அந்தத் துணி ரவிக்கையில்தான் நின்றிருந்தாள்.

போனேன். ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். படியில் நின்ற போலீஸ்காரர், “இன்னாப்பா வேணும்? எந்தத் தெரு?” என்றார். சொன்னேன்.

“அந்தச் சந்தா? ஒரு கம்ப்ளெயின்டும் வந்ததில்லியே. நல்ல ஜனங்க.”

மெஷின் என்கிற சொல் வாய்வரை வந்தது. அவர் என்னோடு சந்துக்குள் நடந்து வருவதும், கொடியில் வரிசையாகக் கவுன்கள் ஆடுவதும் கண்ணில் வந்தது. “சும்மா நெழலுக்கு நின்னேங்க” என்றேன். அவர் உள்ளே போய்விட்டார். நானும் வந்த வழியே வீட்டுக்குத் திரும்பினேன்.

பத்து நாள் கழித்து அண்ணன் கோணிப்பையில் எதையோ தூக்கிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் இறக்கினார். சந்தே கூடிவிட்டது.

“உன்னுது கெடைக்கல தாயி. இத வெச்சிக்க. கப்பல் சரக்கு, பிரிக்கக்கூட இல்ல.”

“பாத்தியா? நம்ம சந்துல போன பொருளு வந்து சேந்துரும்” என்றாள் எதிர்வீட்டுக்காரி. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அண்ணன் என் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திக்கொண்டு கோணியைப் பிரித்தோம். எங்களுடையதைப் போலவே கைமெஷின், ஆனால் இன்னும் நல்ல நிலையில் இருந்தது. சக்கரத்தின் கைப்பிடி யாரோ பல வருஷம் பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது. நூல்கண்டு பாதி தீர்ந்திருந்தது. ஊசி கீழே இறங்கி நின்றது. அதன் அடியில் ஒரு ஊதா ரவிக்கைக் கை, பாதி தைத்தபடி மாட்டிக்கொண்டிருந்தது. சின்னக் கை, ஒல்லியான பெண்ணாக இருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டையோ புளியந்தோப்போ, எந்த வீடோ. அவளும் தண்ணீர் பிடிக்கப் போயிருப்பாள்.

என் மனைவி அந்தத் தையலை விரலால் தடவிப் பார்த்தாள்.

“திருப்பிக் குடுத்துடலாமா?” என்றேன்.

“யார்கிட்ட?”

வெளியே காலம் தப்பிய மழை பிடித்திருந்தது. படகுகள் கடலுக்குப் போகாமல் நாலு நாள் ஆகியிருந்தது. அவள் ஊசியைத் தூக்கினாள், நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், அந்த ரவிக்கைக் கையை மடித்துத் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்தாள். பிறகு மூலையில் கிடந்த பக்கத்து வீட்டுப் பாவாடையை எடுத்து மெஷினில் கொடுத்துச் சக்கரத்தைச் சுற்றினாள். அது சத்தமே இல்லாமல் ஓடியது.

அந்தச் சத்தமில்லாத ஓட்டத்தில்தான் அதன் பிறகு வந்த மழைக்காலமெல்லாம் நாங்கள் சாப்பிட்டோம். நாங்கள் சந்தை விட்டு வருகிறவரை யாரும் கதவைப் பூட்டவில்லை. எங்கள் வீட்டைத் தவிர. புதுப் பூட்டு வாங்கி மாட்டியபோது எதிர்வீட்டுக்காரி கேட்டாள்: “இன்னா, எங்க மேல சந்தேகமா?”

இல்லை என்று தலையாட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன்.