ஒரே அறைப் பாசி

தட்டு நிறையக் கடல்நீர். அதில் சுருண்டு மிதக்கும் சிவப்புக் கடற்பாசிக்கு அடியில் கெட்டித்தாளைச் செருகி, முடி உதிர்ந்த தூரிகையால் கிளை கிளையாக விரிக்கிறார் ஸ்லைடு அக்கா. "முரண்டு பண்ணாதடி. கையை நீட்டு. அந்தக் கையும்." பிறகு தாளைத் தூக்கி, மேலே ஒற்றுத்தாள் போர்த்தி, இரண்டு தடித்த அகராதிகளை ஏற்றுகிறார். காய மூன்று நாள்.

கல்லூரி உயிரியல் ஆய்வக உதவியாளர் அவர். ஸ்லைடு அக்கா என்பது மாணவர்கள் வைத்த பெயர். எழுபத்துமூன்று வயதான நானும் அக்கா என்றே அழைக்கிறேன்.

பாசியைப் பிளேடால் சீவும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். இருபத்திரண்டு சீவலில் ஒன்று தேறும். எண்ணியிருக்கிறேன், எனக்கு வேறு வேலையில்லை. தேறியதை நுண்ணோக்கியில் வைத்து என்னைக் கூப்பிடுவார். "வெளியதான் வேரு, தண்டு, இலைன்னு பாவலா. உள்ள பாருங்க, செல்லு செல்லா அடுக்கு, அவ்வளவுதான். தண்ணி ஏத்துற குழாயே கிடையாது. தண்ணியிலயே கெடக்கறவளுக்குக் குழாய் எதுக்கு?"

அந்த ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டை முப்பத்தெட்டு ஆண்டு எழுதியவன் நான். ஓய்வுக்குப் பிறகும் ஆண்டுக்கொருமுறை சரிபார்க்கக் கூப்பிடுகிறார்கள். கூப்பிடாத ஆண்டும் போயிருக்கிறேன். சென்ற வாரம் 112ஆம் எண் ஜாடி. உள்ளே கோலிக்குண்டு போல ஒரு பச்சைப் பாசி. சீட்டில் அக்காவின் கையெழுத்து: 'செல்: ஒன்று.' கோலிக்குண்டு அளவில் ஒரு செல்லா? பதிவேட்டில் சிவப்பு மையில் 'உதவியாளரின் பிழை' என்று எழுதி, அளவுகோல் வைத்து அடிக்கோடும் இட்டேன்.

"ஒரு தடவை குத்திப் பாத்துட்டு எழுதுங்கய்யா" என்றார். பதிவேடு எழுதுபவன் குத்திப் பார்ப்பதில்லை என்றேன். அந்த வாக்கியம் அப்போது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இந்த மாதம் அவருக்கு ஓய்வு. கேட்டிருந்த இரண்டாண்டு நீட்டிப்பை, என் சிவப்பு மையைக் காட்டிக் கல்லூரி முதல்வர் நிறுத்திவைத்தார். கேள்விப்பட்டு இன்று காலை ஓடினேன். ஓடினேன் என்பது மிகை, நடந்தேன்.

அக்கா தொட்டியிலிருந்து உயிருள்ள பச்சைக் கோலி ஒன்றை எடுத்து வைத்து, ஊசியை நீட்டினார். குத்தினேன். சட்டையெல்லாம் தண்ணீர். உள்ளே தடுப்புச் சுவர் ஒன்றுகூட இல்லை. தொய்ந்துபோன ஒரே தோல்.

"உட்கரு எக்கச்சக்கம். ரூமு ஒண்ணுதான்" என்றார். "துண்டு வேணுமாய்யா?"

பதிவேட்டில் 'உதவியாளரின்' என்பதை அடித்து, 'சரிபார்த்தவரின்' என்று எழுதினேன். கையொப்பம், தேதி, மணி 10.40. முதல்வரிடம் எடுத்துப்போக எழுந்தேன்.

"இருங்கய்யா, ஈரம்."

அந்த வரியின்மேல் ஒற்றுத்தாளைப் போர்த்தி, பதிவேட்டை மூடினார். சிவப்புப் பாசியின் மேலிருந்த அகராதிகளை இறக்கி இதன்மேல் ஏற்றி, தம் இரண்டு உள்ளங்கைகளையும் வைத்து அழுத்தினார்.