உடுத்தபின் தைத்த சட்டைக்கை

சுவிட்சர்லாந்தின் பீல் நகரக் கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தவமலர், பழங்கால ஐரோப்பிய உடையில் ஊர்வலம் போகும் இடைக்கால விழாவுக்கென்று மகள் சிவானுஜாவுக்கு மூன்று மாதமாகக் கையாலேயே கவுன் தைத்தாள். ஊர்வலத்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் மகள் சொன்னாள், இறுக்கமான சட்டைக்கைகளை உடுத்தபின்தான் தைத்து மூடவேண்டுமாம். திறந்திருந்தால் வரிசையில் சேர்க்கமாட்டார்களாம்.

தவமலர் எடுத்த ஊசியைக் கீழே வைத்தாள். உடம்பில் வைத்துத் தைத்தால் ஆகாது என்பார்கள். இரண்டு வருடத்துக்கு முன், அவசரத்தில், கணவர் போட்டிருந்த கோட்டிலேயே பொத்தான் தைத்துவிட்டாள். அன்று வேலைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை.

"கழட்டித் தா, பிள்ளை."

"கழட்டித் தைச்சா கை நுழையாது அம்மா. அந்தக் காலத்துச் சனம் ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான் தைப்பினமாம். ஒருத்தருக்கும் ஒண்டும் நடக்கேல்லை."

"எல்லாரும் செத்துத்தானே போச்சினம்."

மகள் சிரித்தாள். தாய் சிரிக்கவில்லை. வெளியே ஊர்வல முரசு ஒலித்தது. தவமலர் மகளின் மணிக்கட்டை இறுகப் பிடித்து ஊசியை ஏற்றினாள்.

"முடிஞ்சதும் நேரா என்னட்டை வா. நான்தான் தையலைப் பிரிப்பன்."